வாக்ஸ் ட்ரே: துரு எடுத்த ஆறு வாரம், போன ஒரு எழுத்தின் கால்

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துப் பழம்பொருள் விற்கிற கார் பூட் சந்தையில் இரண்டு பவுண்டு கொடுத்து ஒரு பீர் ட்ரே வாங்கினேன். வட்டமானது, குறுக்கே 12 அங்குலம், வெற்றிலை பாக்கு வைக்கிற தாம்பாளம் போல ஓரம் ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி, மேல் விளிம்பு வெளிப்பக்கமாகச் சுருட்டி விடப்பட்டிருக்கிறது. சிவப்புத் தரை, அதில் மஞ்சள் எழுத்தில் வாக்ஸ் என்று பீர் ஆலையின் பெயர், அதற்குக் கீழே டபுள் மாக்ஸிம் என்று அதன் பீரின் பெயர். இதெல்லாம் பிறகு தெரிந்ததுதான். வாங்கும்போது பார்த்தது ஒரு காப்பி நிறத் தகரம், ஓரமெல்லாம் துரு, ஒரு பக்கம் ஒடுக்கு, நடுவில் ஏதோ எழுத்து இருக்கிற மாதிரி ஒரு சாயல்.

நான் வட கிழக்கு இங்கிலாந்தின் சன்டர்லண்டில் ஏழு வருடமாக இருக்கிறேன். இந்த ஊரில் வாக்ஸ் என்ற பெயரைச் சொன்னால் 40 வயது தாண்டிய யாரும் ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். Vaux என்ற எழுத்தைப் பார்த்துப் பிரெஞ்சு மாதிரி 'வோ' என்று சொல்லக்கூடாது, வாக்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும், முதல் வாரமே பக்கத்து வீட்டுக்காரர் திருத்திவிட்டார். அவர் அந்த ஆலையின் பாட்டில் நிரப்பும் கூடத்தில் வேலை பார்த்தவர். தானியம் அவிகிற வாசனை ஊர் முழுக்க வருமாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிடுவார்களாம்.

கத்பர்ட் வாக்ஸ் என்பவர் 1837-இல் தொடங்கிய ஆலை இது. 1875-இல் காசில் ஸ்ட்ரீட்டுக்கு மாறியது. ஊரின் நட்டநடுவில், வியர் ஆற்றுக்கு மேலே மேட்டில் இருந்த இடம் அது. அந்தக் காலத்திலேயே பீரைப் பாட்டிலில் அடைத்து விற்பதில் முந்திக்கொண்ட ஆலைகளில் இதுவும் ஒன்று. 1927-இல் நார்த் ஈஸ்டர்ன் ப்ரூவரீஸ் என்ற இன்னொரு பீர் நிறுவனத்துடன் இணைந்து வட கிழக்கு இங்கிலாந்தின் பெரிய பெயராகிவிட்டது. ஆலைக்கே சொந்தமான பப்கள், அந்தப் பப்களில் அந்த ஆலையின் பீர், அந்த பீரைத் தூக்கிக்கொண்டு போக அந்த ஆலையின் பெயர் போட்ட ட்ரே. சாம்பல் கிண்ணம், கண்ணாடி, கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டை எல்லாமே ஆலையிலிருந்துதான் வரும். ஆட்கள் ட்ரேயைக் கையில் ஏந்தி மேசை மேசையாகப் போவார்கள், தொழிலாளர் மன்றங்களில் மேடையில் பாட்டு நடக்கும்போது சனிக்கிழமை இரவு முழுக்க அதுதான் வேலை. அதாவது இந்தத் தகரம் அலங்காரத்துக்குச் செய்ததே இல்லை. தினமும் நூறு தடவை நனைந்து, துடைக்கப்பட்டு, அடுக்கிவைக்கப்பட்டு, மறுநாள் மறுபடி நனைந்த பொருள். இதைச் சரிசெய்ய உட்காரும் யாரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன், அன்று நினைக்கவில்லை.

டபுள் மாக்ஸிம் என்ற பெயருக்கு ஒரு பின்கதை உண்டு. கத்பர்ட்டின் பேரன் எர்னஸ்ட் வாக்ஸ், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவு ஒன்றை நடத்திப் போனவர். அவர்கள் திரும்பி வந்ததைக் கொண்டாட 1901-இல் மாக்ஸிம் ஏல் என்று ஒரு பழுப்பு பீர் இறக்கினார்கள். 1938-இல்தான் அது டபுள் மாக்ஸிம் ஆனது. என் ட்ரேயில் 'டபுள்' இருக்கிறதே, அப்படியென்றால் 1938-க்கு முன்னால் இது இருக்க வாய்ப்பில்லை. ட்ரேக்குக் காலம் சொல்ல இப்படித்தான் ஒவ்வொரு நூலாகப் பிடித்து இழுக்க வேண்டும், பெரும்பாலும் ட்ரேயில் வருடம் போட்டிருக்க மாட்டார்கள். விளிம்பு ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்ட கம்பெனியின் பெயர் சில ட்ரேக்களில் இருக்கும், என்னுடையதில் அந்த இடத்தைத் துரு தின்றுவிட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் நாள் எதையும் தொடவில்லை. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது, ஆக இரும்புத் தகடு, மேலே வெள்ளீயப் பூச்சு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்ததில் நிறம் புள்ளி புள்ளியாக இல்லை, மஞ்சள் முழு மஞ்சளாகவும் சிவப்பு முழுச் சிவப்பாகவும் தட்டையாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகத் தகட்டில் அச்சு இறக்கியிருக்கிறார்கள். தகரத்தில் அச்சடிப்பது அந்தக் காலத்தில் லேசான வேலையாக இருக்கவில்லை, கல்லச்சின் கல்லும் தகடும் இரண்டுமே கெட்டியாக இருப்பதால் மை சரியாக ஒட்டாது. 1875-இல் லண்டனில் ராபர்ட் பார்க்லே என்பவர் நடுவில் ஓர் உருளையை வைத்து, கல்லிலிருந்து அதற்கும் அதிலிருந்து தகரத்துக்கும் மையை மாற்றுகிற வழிக்குக் காப்புரிமை வாங்கினார். நாம் ஆஃப்செட் என்கிற அச்சு முறை இதுதான். காகிதத்துக்கு அது வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தகர டப்பாவுக்கும் ட்ரேக்கும் அதற்கு முன்பே வந்துவிட்டது. எனக்கு இது தெரிந்த அன்று அந்த இரண்டு பவுண்டுத் தகரத்தின் மேல் மரியாதையே கூடிப்போனது.

திருப்பிப் போட்டேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு வார்னிஷ். நடுவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, வார்னிஷ் தேய்ந்து தகரம் மங்கலாகப் பளபளக்கிறது. அந்தத் தேய்மானத்தின் ஒரு பக்கத்திலிருந்து நாலைந்து மெல்லிய கீற்றுகள் விளிம்பை நோக்கி விரிகின்றன. முதலில் மேசையில் உரசியது என்று நினைத்தேன். மேசையில் உரசியிருந்தால் அடி விளிம்பு வட்டமாகத் தேய்ந்திருக்க வேண்டும், அதுவும் தேய்ந்துதான் இருக்கிறது, ஆனால் இது வேறு. ட்ரேயை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்ததும் புரிந்தது. என் விரல்கள் அந்தக் கீற்றுகள் மேலேயே போய் உட்கார்ந்தன. எத்தனை வருடம் எத்தனை பேர் ஏந்தினால் வார்னிஷ் இப்படித் தேயும்! அந்த இடத்தைக் கடைசி வரை தொடுவதில்லை என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், தேய்மானத்தைச் சுற்றியிருந்த துருவை மட்டும் எடுத்தேன்.

அடுத்தது அழுக்கு. நம் வீட்டில் பித்தளை என்றால் புளி போட்டுத் துலக்குவோம், கை தானாகவே அங்கேதான் போகும். அச்சடித்த தகரத்துக்குப் புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் தேய்க்கிற கம்பி நார், வீட்டுத் துருநீக்கி எதுவும் ஆகாது, மையைத் தாங்கி நிற்கிற வெள்ளீயத்தையும் வார்னிஷையும் அவை அரித்துவிடும். நான் எடுத்துக்கொண்டது காய்ச்சி வடித்த நீர், காது குடைகிற பட்ஸ், அமிலமும் காரமும் இல்லாத சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு. ஒவ்வொரு நிறத்திலும் ஓரத்தில் ஒரு மிளகு அளவு இடத்தில் மட்டும் முதலில் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் அசையவில்லை, கறுப்புக் கோடும் அசையவில்லை. சிவப்பில் ஓரிடத்தில் பட்ஸ் லேசாக இளஞ்சிவப்பாக வந்தது. அங்கே மேல் வார்னிஷ் போய்விட்டது என்று அர்த்தம், அந்தப் பகுதியில் வெறும் நீரோடு நிறுத்திக்கொண்டேன்.

தண்ணீருக்கு வராத ஒரு பிசுக்கு இருந்தது, பப்பில் பல வருடம் சிகரெட்டுப் புகை படிந்த பழுப்பு. அருங்காட்சியகங்களில் படங்களைச் சுத்தம் செய்பவர்கள் இதற்கு எச்சிலைப் பயன்படுத்துகிறார்கள். எச்சிலில் இருக்கிற நொதிகள் அந்தப் பிசுக்கைத் தளர்த்தும், மையை ஒன்றும் செய்யாது. எச்சில் என்ற சொல்லோடு வளர்ந்தவளுக்கு அதைத் தொட்டு ஒரு பொருளைத் துடைக்கக் கை கூசத்தான் செய்தது. ஆனால் பட்ஸ் நுனியை நாக்கில் ஈரமாக்கி ஒரு தடவை உருட்டியதும் பஞ்சு தேநீர் நிறமாகிவிட்டது, அடியில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஒவ்வொரு உருட்டலுக்கும் புதுப் பட்ஸ், பிறகு நீர் தொட்ட பட்ஸால் ஒரு துடைப்பு. உள்ளங்கை அளவு இடத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. மூன்று மாலை வேளைகள், இரண்டு டப்பா பட்ஸ். வாக்ஸ் என்ற நாலு எழுத்தும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

இனி நான் செய்த தவறு. மேல் பக்கத்தில் தரையும் ஓரமும் சேருகிற பள்ளத்தில்தான் துரு அதிகம். காரணம் எளிது, சிந்திய பீர் எல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும், பீரின் அமிலத்தன்மை பிஎச் 4 சொச்சம், கூடவே காயாமல் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கிற மிச்சச் சர்க்கரை. அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் மாக்ஸிமின் எக்ஸ் எழுத்தின் வலது கால் இருக்கிறது. மூங்கில் குச்சியால் கிளறியதில் துரு மெதுவாக வந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. எலுமிச்சை உப்பு என்று விற்கிறார்களே, அந்தச் சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து, பஞ்சில் நனைத்து, துருவின் மேல் வைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தேன். துரு போயிருந்தது. அதோடு எழுத்தின் காலும் ஒரு நகத்துண்டு அளவுக்குச் செதிலாகத் தூக்கி, பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

என்ன நடந்தது என்று பிறகு லென்ஸில் பார்த்துப் புரிந்துகொண்டேன். துரு மேலே தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை, மைக்கு அடியில் புகுந்து பரவியிருக்கும். அந்த இடத்தில் மை ஒட்டிக்கொண்டிருந்ததே துருவின் மேல்தான். அமிலம் விளிம்பு வழியாக உள்ளே ஊறி அந்தத் துருவைக் கரைத்தது, மைக்குக் கால் ஊன்ற இடம் இல்லாமல் போனது. ஆகவே, எழுத்தை ஒட்டிய துருவை முழுசாக எடுக்க ஆசைப்படாதீர்கள். தூளாக உதிர்கிறதை மட்டும் எடுத்துவிட்டு, மையைப் பிடித்துக்கொண்டிருக்கிற துருவை அப்படியே விடுங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

அன்றிரவு அந்த இடத்தை வடித்த நீரால் நாலைந்து முறை ஒற்றியெடுத்து, முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்துக் காயவைத்தேன். அப்புறம் ஒரு வாரம் ட்ரேயைத் தொடவில்லை.

திரும்ப வந்தபோது அடிப்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். அங்கே அச்சு இல்லை, தைரியமாக வேலை செய்யலாம். அறுவைக் கத்தியின் அலகைச் சாய்த்துப் பிடித்து, உதிரும் துருவைச் சுரண்டி எடுத்தேன். மிச்சம் இருக்கிற மெல்லிய துருவுக்கு டானிக் அமிலம் பூசுவது வழக்கம், அது இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாக ஒரு படலம் ஆகி உட்கார்ந்துவிடும். படித்துக்கொண்டிருக்கும்போதே, இது நமக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்று தோன்றியது. கடுக்காயும் இரும்புச் சத்துள்ள நீரும் சேர்ந்தால் கறுப்பு, துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் காலம் காலமாகச் செய்வது. கடுக்காயில் இருப்பதும் டானின்தான். சமையலறை அலமாரியில் அம்மா கொடுத்தனுப்பிய கடுக்காய்ப் பொடி இருந்தது. இரண்டு கரண்டிப் பொடியைக் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, முதலில் ஒரு துருப்பிடித்த ஆணியில் தடவிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் ஆணி கறுத்தது. ட்ரேயின் அடியில் தூரிகையால் மெல்லப் பூசி, காயவிட்டு, மறுநாள் இன்னொரு பூச்சு. துரு இருந்த இடமெல்லாம் பழைய கறுப்பு வார்னிஷோடு ஒத்துப்போகிற மாதிரி கறுத்துவிட்டது. கடையில் வாங்கும் டானிக் அமிலத்தூள் இன்னும் சுத்தமானது, அளவும் சரியாக வைத்துக்கொள்ளலாம், விலை உயர்ந்த ட்ரேயாக இருந்தால் அதையே வாங்குங்கள். ஒன்று மட்டும், இதை அச்சுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மஞ்சளில் கறை ஏறினால் இறங்காது.

ஒடுக்கு எடுத்தது அரைகுறையாகத்தான். ஒரு கிலோ அரிசிப் பையின் மேல் ட்ரேயைக் குப்புற வைத்து, மரக்கரண்டிக் காம்பின் உருண்ட முனையால் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். சுத்தியல் வேண்டாம். பழைய மை கண்ணாடி மாதிரி, தகடு வளைகிற வேகத்துக்கு அதனால் வளைய முடியாது. மூன்றில் இரண்டு பங்கு நிமிர்ந்ததும் சிவப்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். மிச்ச ஒடுக்கு இருக்கட்டும்.

எழுத்தின் காலுக்கு வருவோம். வெறும் தகரமாகிவிட்ட அந்த நகத்துண்டு இடத்தில் மட்டும் நுனித் தூரிகையால் பாராலாய்ட் பி-72 என்கிற பிசினைப் பூசினேன். அருங்காட்சியகங்களில் பரவலாகப் புழங்குவது, எப்போது வேண்டுமானாலும் அசிட்டோன் தொட்டுக் கரைத்து எடுத்துவிடலாம், அதே அசிட்டோன் பழைய மையைக் கெடுக்கலாம் என்பதால் சுற்றியிருக்கிற அச்சில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது காய்ந்ததும் அதன் மேல் அக்ரிலிக் வண்ணம். மஞ்சளை அசலைவிட ஒரு துளி மங்கலாகக் கலந்தேன். ஆறடி தள்ளி நின்றால் எழுத்து முழுசாகத் தெரியும், கையில் எடுத்துப் பார்த்தால் எங்கே நான் கைவைத்தேன் என்பது தெரிந்துவிடும். வேறு எங்கேயும் வண்ணம் போடவில்லை. கோப்பை வைத்து வைத்து நடுவில் சிவப்பு வட்டம் வட்டமாக மங்கியிருக்கிறது, அதையெல்லாம் நிரப்பிப் புதுசு மாதிரி ஆக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதுசு வேண்டுமென்றால் புதிதாக அச்சடித்த ட்ரேயே கிடைக்கிறது.

கடைசியாக மெழுகு. ரெனைசன்ஸ் வாக்ஸ் (இந்த வாக்ஸ் ஆலையின் பெயர் இல்லை, மெழுகுக்கான ஆங்கிலச் சொல்) என்ற நுண்படிக மெழுகு, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவானது. அதிலும் கரைப்பான் இருக்கிறது, ஆகவே ஓரத்தில் ஒரு முறை சோதனை. பிறகு பழைய வேட்டித் துணியில் பட்டாணி அளவு எடுத்து, படிந்ததா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் கழித்து வேறு துணியால் துடைத்தேன். சிவப்பு அப்போதுதான் முழுசாகத் திறந்தது, நனைந்த செம்பருத்தி நிறம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். ட்ரேயை வாங்கியவர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஆலை மூடிய வருடத்தைப் பற்றித்தான் பேசினார். இந்த ஊரின் கடைசிக் கப்பல் கட்டும் தளம் 1988-இல் மூடியது, வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993-இல். 1999 ஜூலையில் வாக்ஸ். ஆலையை மூடியது நஷ்டத்தில் ஓடியதால் இல்லை என்பதுதான் இங்கே இன்றைக்கும் ஆறாத விஷயம். தாய் நிறுவனம் ஹோட்டல்களையும் பப்களையும் வைத்துக்கொண்டு பீர் காய்ச்சுவதை விட்டுவிட முடிவெடுத்தது, நிர்வாகத்தில் இருந்தவர்களே ஆலையை வாங்க முன்வந்தும் நடக்கவில்லை. கடைசி வரை ஊருக்குள் குதிரை வண்டியிலும் பீப்பாய்கள் போயிருக்கின்றன. ஆலையை இடித்த மேடு வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது, இப்போது அங்கே மாநகராட்சிக் கட்டடம் நிற்கிறது. டபுள் மாக்ஸிம் மட்டும் பிழைத்துக்கொண்டது. வாக்ஸில் இருந்தவர்கள் சிலர் அந்தப் பெயரையும் செய்முறையையும் வாங்கி, முதலில் வேறோர் ஆலையில் காய்ச்சவைத்து, 2007-இல் பக்கத்து ஊரான ஹோட்டன்-லே-ஸ்பிரிங்கில் சொந்த ஆலையே போட்டார்கள். கடையில் அந்த பாட்டில் இன்றும் கிடைக்கிறது.

ட்ரேயை மாட்டுவதற்குக் கம்பிச் சுருள் வைத்த தட்டு மாட்டி வேண்டாம், அது விளிம்பைக் கவ்வுகிற நாலு இடத்திலும் மையைக் கீறிவிடும். ஒரு மரப்பலகையில் சின்னப் பள்ளம் எடுத்து, பஞ்சுத் துணி ஒட்டி, சாய்த்து நிறுத்தியிருக்கிறேன், சமையலறையிலிருந்தும் ரேடியேட்டரிலிருந்தும் தள்ளி. மூன்று மாதம் கழித்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எக்ஸ் எழுத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கடுகு அளவு ஒரு பழுப்புப் புள்ளி. சிட்ரிக் அமிலம் முழுசாகக் கழுவப்படவில்லை என்று நினைக்கிறேன். மூங்கில் குச்சியால் எடுத்துவிட்டு, வடித்த நீரால் பத்து முறை ஒற்றி, காயவைத்து, மெழுகு தடவி, தேதியை நோட்டில் எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் மறுபடி பார்க்க வேண்டும்.